இட்லித் தட்டும் இரண்டு இளவரசிகளும்

என் மகள்களுக்கு வெளிநாடு என்றால் பாளையங்கோட்டைதான். இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தது மஸ்கட்டில். தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் சின்னவள் கெசியா என் சட்டையை இழுத்து, "அப்பா, இங்க போலீஸ்கூடத் தமிழ்தான் பேசுறாங்க" என்று ரகசியமாகச் சொன்னாள்.

என் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அக்கா கட்டிய புது வீட்டின் பிரதிஷ்டைக்கு, அதாவது ஜெபம் வைத்துக் குடிபோகிற நாளுக்கு, நான் மட்டும் பிள்ளைகளோடு கிளம்பினேன். இரண்டு பெண் பிள்ளைகளை ஒற்றை ஆளாக எப்படிச் சமாளிப்பீர்கள் என்று விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வருத்தப்பட்டார். எனக்கு இரட்டைச் சடை பின்னத் தெரியும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

ஆனால் என் மனசில் இருந்த வேலை வேறு. பெரியவள் ஜெமிமாவைத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும்.

சொன்னால் சிரிப்பீர்கள். கோடை விடுமுறைக்கு முன் அவள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாள் வந்தது. ஒரு ஹோட்டலில் இளவரசி வேஷம் போட்டு டீ விருந்து. கோப்பையின் காதைப் பிடித்துத் தூக்கிய ஜெமி, வீட்டில் செய்வதுபோல அண்ணாந்து வாயில் ஊற்றிக் குடித்திருக்கிறாள். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. ஒரே செம்பை வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் பொதுவாக வைத்து வளர்ந்தவன் நான்; வாய் வைத்தால் அடுத்தவர் குடிக்க முடியாது. என் பிள்ளைகளுக்கும் டம்ளரை உதட்டில் படாமல் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன். அந்த மேசையில் ஒரு பெண், "செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரி குடிக்கிறா பாருங்க" என்று ஆங்கிலத்தில் சொல்ல, மேசையே சிரித்திருக்கிறது.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் அப்படியே நிறைந்து திரும்பி வந்தது. வாய் வைத்துக் குடிக்க அவளுக்கு அருவருப்பு. அண்ணாந்து குடிக்க வெட்கம். கடைசியில் நீர்க்கடுப்பு வந்து அழுதாள். டாக்டர் என்னைத்தான் முறைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையில் உட்கார்ந்திருந்த அத்தனை இளவரசிகளையும் வரிசையாக நிற்க வைத்துக் காதைத் திருகியிருப்பேன். எட்டு வயதுப் பிள்ளைகளோடு சண்டைக்குப் போகாதே என்று மனைவி தடுத்துவிட்டாள்.

பிரதிஷ்டை ஜெபம் முடிந்த அன்று சாயங்காலமே கெசியா ஆரம்பித்தாள். ஜெமி அக்கா போனாள், எனக்கு மட்டும் இளவரசி டீ பார்ட்டி இல்லையா என்பது அவள் வழக்கு. அவளுக்கு ஐந்து வயது. வழக்கு என்று போட்டால் தீர்ப்பு வாங்காமல் விடமாட்டாள். எனக்குப் பளிச்சென்று தோன்றியது. நாமே ஒன்று நடத்தினால் என்ன? நம் ஊர், நம் ஆட்கள். அங்கே ஜெமி குடிக்கமாட்டாளா?

"நான் வாரேன். ஆனா ஒண்ணும் குடிக்க மாட்டேன்" என்றாள் ஜெமி. அதுவும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

என் அக்கா கிரேஸ் கணக்கு டீச்சர். அவளுக்கு விஷயம் தெரியும். "லே, டீ குடிக்கதுக்கு எதுக்குலே கிரீடம்? இங்கன உக்காந்து குடிச்சா டீ உள்ள இறங்காதா?" என்றாள். இருந்தாலும் மறுநாள் காலையில் என்னோடு கடைக்குக் கிளம்பிவிட்டாள். தம்பிமார் செய்கிற கிறுக்குத்தனத்தில் அக்காமார் முதலில் திட்டிவிட்டுப் பிறகு தலைமை தாங்குவார்கள்.

கெசியாவின் முதல் நிபந்தனை மூன்றடுக்குத் தட்டு. அதில்லாமல் இளவரசி விருந்தே கிடையாதாம். நெல்லை டவுனில் ஒரு பாத்திரக்கடையில் நுழைந்து கையை விரித்து விளக்கினேன்.

"மூணு தட்டு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா? நடுவுல கம்பியா? எதுக்குவே அது?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"டீக்கு, அண்ணாச்சி."

"டீக்கு டம்ளர் போதுமேவே."

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது கெசியா கூரையைப் பார்த்துக் கத்தினாள். "அப்பா! அதோ தொங்குது!"

மேலே கொக்கியில் தொங்கியது இட்லித் தட்டு ஸ்டாண்ட். நடுவில் கம்பி, ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குழித் தட்டுகள், உச்சியில் பிடித்துத் தூக்க வளையம். மஸ்கட் ஹோட்டலில் வைத்திருந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? குழிதான். பலகாரம் உருண்டு ஓடாமல் இருக்கும் என்பதால் இதுவே மேல் என்று அக்கா கணக்குப் போட்டுச் சொன்னாள். அவள் வீட்டிலேயே இதுபோல் ஒன்று இருந்தது. இருந்தாலும் கெசியா கண்டுபிடித்ததை வாங்காமல் வெளியே வர முடியவில்லை. பக்கத்துக் கடையில் பூப்போட்ட பீங்கான் கோப்பைகளும் கிடைத்தன.

பலகாரத்துக்குக் குறைவில்லை. இறங்கிய அன்றே தூத்துக்குடியில் மக்ரூன் பெட்டி ஒன்று பெரிதாக வாங்கியிருந்தேன். மஸ்கட்டில் இதே பெயரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சையும் ரோஜா நிறமுமாக, சட்டைப் பொத்தான் போல ஒன்று விற்பார்கள். பல்லில் ஒட்டும். நம் மக்ரூன் வெள்ளைக் கூம்பு. முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும்தான். வாயில் போட்டால் பொரபொரவென்று உடைந்து காணாமல் போகும். கூடவே டவுன் அல்வா, அக்கா பொரித்த முந்திரிக்கொத்து.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் கெசியாதான். டீ விருந்து என்றால் டீ விளைகிற இடத்தில் நடக்க வேண்டும். மேலே மலையில் தேயிலைத் தோட்டம் உண்டு என்று நான் வாயை விட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில், வாடகைக்கு வண்டி ஓட்டும் சுடலைமுத்து அண்ணாச்சியின் ஆம்னி வேனில் கிளம்பினோம். கெசியாவுக்கு மஸ்கட்டிலிருந்து வந்த வலைத்துணி கவுனும் பிளாஸ்டிக் கிரீடமும். ஜெமி கிரீடத்தைத் தொடவில்லை. அக்கா அவளுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, சடை பின்னி, பிச்சிப்பூ வைத்து, நெத்திச்சுட்டியும் மாட்டிவிட்டிருந்தாள். பெரிய ஃபிளாஸ்கில் டீ. மடியில் இட்லித் தட்டு. சேரன்மகாதேவி தாண்டியதும் சாரல் அடித்தது. இரண்டு பக்கமும் வயல். ஜெமி கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டி நனைத்துக்கொண்டாள். மஸ்கட்டில் மழை வந்தால் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். இங்கே ஒரு ஆடுகூட ஒதுங்கவில்லை.

மணிமுத்தாறு வனத்துறைச் சோதனைச் சாவடியில் காவலர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். முதலில் கிரீடம், பிறகு இட்லித் தட்டு, பிறகு நான்.

"மேல போக பர்மிட் இருக்கா சார்?"

முன்கூட்டியே அனுமதி வாங்காமல் மலைக்குப் போக முடியாது என்பது திருநெல்வேலியில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. சுடலைமுத்து அண்ணாச்சியைப் பார்த்தேன். "உங்க கைல இருக்கும்னுலா நெனச்சேன்" என்றார் அவர். காவலர் நல்ல மனுஷர். கெசியாவுக்கு ஒரு சல்யூட் அடித்து, "இளவரசியா இருந்தாலும் பர்மிட் வேணும்மா" என்று சொல்லி வண்டியைத் திருப்ப இடம் காட்டினார்.

கெசியா அழுதாள். ஜெமி அழவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி நிம்மதியாக மூச்சுவிட்டாள். அதுதான் என்னைக் குத்தியது.

அவமானம் ஒன்று வந்தால் துணைக்கு இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வரும்போல. கல்லிடைக்குறிச்சிக்குள் நுழைந்ததும் வேன் இரண்டு தும்மல் போட்டு நின்றது. கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. சுடலைமுத்து அண்ணாச்சி, "பைய இறங்கி அங்கன நெழல்ல நில்லுங்க, நான் மெக்கானிக்கக் கூட்டியாரேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். சாரல் நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் பத்து இருபது பேர் எங்களையே பார்த்தார்கள். ஜெமிக்கு உதடு காய்ந்திருந்தது. பாட்டிலை நீட்டினேன். சுற்றிலும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நாங்கள் ஒதுங்கிய நிழல் ஒரு கல்யாண மண்டபத்து வாசல். வாழைமரம் கட்டியிருந்தது. பன்னீர்ச் செம்போடு நின்ற பச்சைப் பட்டுச்சேலை அம்மா ஒருத்தி எங்களை மேலும் கீழும் பார்த்தாள். சிங்காரித்த இரண்டு பெண் பிள்ளைகள், என் கையில் அடுக்குத் தட்டும் பலகாரப் பொட்டலமும், அக்கா கையில் மக்ரூன் பெட்டி. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க வாங்க! தூத்துக்குடி மாமா வீட்டுக்காரங்களா? காலைல இருந்து உங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்கோம்!" உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏ, தூத்துக்குடிக்காரங்க வந்தாச்சு! மக்ரூன்லாம் கொண்டாந்துருக்காங்க!"

"நாங்க அவுக இல்ல, பாளையங்கோட்டை" என்றாள் அக்கா. யார் கேட்டது? பன்னீர் தெளித்தாகிவிட்டது. அக்கா சந்தனத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். நாங்கள் கிறிஸ்தவர்கள்; குங்குமத்துக்கு மட்டும் வேண்டாம் என்று பணிவாகத் தலையாட்டினாள். இப்போதாவது ஆள் மாறிவிட்டது தெரியும் என்று நினைத்தேன். அந்த அம்மா அக்காவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "மாமா வகையில ஒருத்தர் வேதத்துல சேந்துட்டாருன்னு சொன்னாவ. அது நீங்கதானா? அதனால என்ன, சாப்பாட்டுக்கு ஏது வேதம்? உள்ள வாங்க."

முந்தின நாள் கல்யாணம்; அன்றைக்கு மறுவீட்டுச் சாப்பாடு. எங்கள் ஊரில் மறுவீடு என்றால் சொதி. தேங்காய்ப்பால் ஊற்றிய காய்கறிக் குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. சொதியின் வாசனை மூக்கில் ஏறியதும் என் நேர்மை தள்ளாட ஆரம்பித்தது. பல வருஷமாக மஸ்கட்டில் டப்பாவில் அடைத்த தேங்காய்ப்பாலில் சொதி வைத்து, அதைச் சொதி என்று நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் நான். கணக்கு டீச்சரான அக்கா என்னை முறைத்தாள். பிறகு அவளும் இலையில் உட்கார்ந்தாள்.

ஜெமி பச்சடியை ஒரு வாய் அள்ளிப் போட்டாள். இஞ்சியும் மிளகாயும் சேர்ந்து பிடித்ததில் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர். எதிர்ப்பந்தியில் ஒரு வரிசை ஆட்கள். அவள் டம்ளரையே பார்த்தாள். எடுக்கவில்லை. வெறும் சோற்றை அள்ளி அள்ளி விழுங்கினாள். 

அந்த நேரம் வாசலில் சலசலப்பு. நிஜமான தூத்துக்குடி மாமா குடும்பத்தோடு வந்து நின்றார். அவர் கையிலும் மக்ரூன் பெட்டி! கூடமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் எச்சில் கையோடு எழுந்து, வேன் நின்ற கதையையும், பர்மிட் இல்லாத கதையையும், இளவரசி விருந்துக் கதையையும் திக்கித் திணறிச் சொன்னேன். மணப்பெண்ணின் அப்பா முழுவதையும் கேட்டார். என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "இலைல உக்காந்தாச்சுல்லா? இனிமே யாருன்னு கேக்கது மரியாதை இல்ல. தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடுங்கப்பா!"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஜெமி அந்தச் சிரிப்பைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"இளவரசி டீ பார்ட்டியா? எங்க நடத்தப் போறீங்க?" என்று கேட்டது மணப்பெண் கோமதி. பாளையங்கோட்டையில் படித்த பெண். வாய் கொஞ்சம் அதிகம். "எங்கயும் இல்ல. அப்பா பர்மிட் வாங்கல" என்று கெசியா என்னைக் காட்டிக்கொடுத்தாள். "இதுக்கு எதுக்குட்டி பர்மிட்? பின்வாசல் வழியாப் போனா ஆறுலா இருக்கு" என்றாள் கோமதி.

நான் திட்டமிட்டு நடத்தியிருந்தால் இவ்வளவு அழகாக அமைந்திருக்காது. தாமிரபரணி சாரல் தண்ணீரில் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. மருதமர நிழலில் படித்துறை. மேல்படியில் ஜமுக்காளம் விரித்து நடுவில் இட்லித் தட்டை நிறுத்தினோம். அடித்தட்டில் முந்திரிக்கொத்து, நடுத்தட்டில் அல்வா, உச்சியில் மக்ரூன். குழிக்கு ஒன்றாகக் கச்சிதமாக உட்கார்ந்தன. மண்டபத்துப் பிள்ளைகள் எல்லாம் திரண்டு வந்து சுற்றி நின்றார்கள். கோமதி பட்டுச்சேலையோடு நடுவில் உட்கார்ந்தாள். புது மாப்பிள்ளை ஆழ்வார்குறிச்சிக்காரர். மனைவிக்குப் பின்னால் செய்வதறியாமல் நின்றார். கெசியா ஃபிளாஸ்கைத் திறந்து மணப்பெண்ணுக்கு முதல் கோப்பையை நிரப்பினாள்.

கோமதி கோப்பையின் காதை இரண்டு விரலால் பிடித்தாள். சுண்டுவிரல் நீண்டிருந்தது. கோப்பையை முகத்துக்கு மேலே தூக்கி, அண்ணாந்து, மெல்லிய இழையாக வாயில் ஊற்றினாள். நெத்திச்சுட்டி அசையவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை. கோப்பை தீர்ந்துவிட்டது.

ஜெமி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"நீங்க ஏன் அப்படிக் குடிக்கிறீங்க?" என்றாள்.

"இந்தச் சாயத்தப் பாத்தியா?" கோமதி தன் உதட்டைக் காட்டினாள். "பார்லர்காரி நேத்தும் இன்னைக்கும் போட்டுவிட்டது. வாய வச்சா பாதி கப்புல ஒட்டிக்கிடும்லா? நேத்துல இருந்து பாலு, பழரசம், தண்ணி எல்லாமே இப்படித்தான்."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"மண்டபமே பாத்துச்சு. வீடியோக்காரர் கிட்டக்க வந்து வேற எடுத்தாரு."

"யாரும் சிரிக்கலையா?"

கோமதிக்குக் கேள்வி புரியவில்லை. "எதுக்குட்டி சிரிக்கணும்? நான்தான் ஒரு சொட்டு சிந்தலியே!"

 ஜெமி தங்கையிடம் ஒரு கோப்பையை நீட்டினாள். "எனக்கும் ஊத்து." கெசியா தளும்பத் தளும்ப ஊற்றினாள். என் கையை அக்கா பிடித்திருந்தாள்; நகம் பதிந்தது. ஜெமி எழுந்து நின்றாள். முதுகை நிமிர்த்தி, கோப்பையை மணப்பெண் தூக்கியதைவிட ஒரு சாண் உயரத் தூக்கினாள். டீ இழையாக இறங்கியது. தொண்டை ஏறி இறங்கியது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, காய்ந்த உதட்டால் சிரித்தாள்.

"ஏ யப்பா! என்னைய மிஞ்சிட்டா!" என்று கோமதி கைதட்டினாள். படித்துறையே கைதட்டியது. நான் அழுதேன் என்று அக்கா இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆமாம், அழுதேன். அவளும்தான் அழுதாள்.

ஜெமி குடித்துவிட்டாள், தான் சும்மா இருப்பதா என்று கெசியாவும் அண்ணாந்தாள். கிரீடம் பின்னால் சரிந்து, படியில் உருண்டு, ஆற்றில் விழுந்து, மினுமினுத்துக்கொண்டே மிதந்து போனது. அவள் அலறுவதற்குள் புது மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு இடுப்புத் தண்ணீரில் இறங்கிவிட்டார். கோமதி தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ, பைய! பைய!" என்று கத்தினாள். சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியோடு கிரீடத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் கரையேறியபோது, முந்தின நாள் தாலி கட்டியபோதுகூட இவ்வளவு குலவை கேட்டிருக்காது என்று பெண்ணின் அப்பா சொன்னார். கேபிள் மாற்றி வேனைக் கொண்டுவந்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சி நேரே பந்திக்குப் போயிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் ஜெமி தண்ணீர் கேட்டாள். சேரன்மகாதேவி கடைத்தெருவில் வேனை நிறுத்தி, நாலு பேர் பார்க்க, நடுரோட்டில் நின்று பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள்.

மஸ்கட்டில் பள்ளி திறந்த முதல் நாள் சாயங்காலம் மனைவியும் நானும் கதவருகிலேயே நின்றோம். ஜெமி பையைக் கழற்றுவதற்குள் பாட்டிலை உருவினேன். கனமே இல்லை. மூடியைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றாள் என் மனைவி.

"சிரிச்சாங்க. சிந்தாம குடிச்சுக் காட்டுங்கன்னு சொன்னேன்." ஜெமி ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "எல்லாரும் சட்டைய நனைச்சுக்கிட்டாங்க. என் தண்ணியெல்லாம் அவங்களுக்குக் கத்துக்குடுக்கவே சரியாப் போச்சு. நாளைக்கு எனக்குப் பெரிய பாட்டில் வேணும்ப்பா."